கலாராணி முடக்கு

‘ஸ்கீம்’ என்று எல்லோரும் சொல்கிற எங்கள் குடியிருப்புக்குள் இப்போது பஸ் வருகிறது. பதுளையில் புறப்பட்டுப் பசறைப் பாதையில் வந்து, கோயில் சந்தியில் கீழே இறங்கி, எங்கள் வீடுகளுக்கு நடுவே புகுந்து, அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்குப் போகிறது. சின்ன பஸ்தான், ஆனால் ஹார்ன் மட்டும் பெரிய பஸ்ஸுக்கு உரியது. அது அடிக்கிற சத்தம் கேட்டதும் என் முன்பள்ளிப் பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டுக் கை தட்டுவார்கள். நான் திட்டுவதில்லை. அந்த பஸ் வந்த கதை தெரிந்தவளுக்குத் திட்ட வாய் வராது.

கதை என்றால் அது கலாராணியின் கதை. எழுதப் போகிறேன் என்று சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். “என்னையப் பத்தி எழுத என்னா டீச்சர் இருக்கு? கொழுந்து பறிச்சேன், புள்ள பெத்தேன், எல்லாரோடயும் சண்ட புடிச்சேன். அம்புட்டுத்தான்” என்றாள். மூன்றும் உண்மை. அவள் வாய்க்குப் பயந்து தேயிலைக் கொழுந்து நிறுக்கிறவர்கூடத் தராசை இரண்டு தடவை பார்ப்பார். நான் அவளுக்குப் பக்கத்துக் காணிக்காரி. அவள் திட்டுவதை யன்னலைத் திறக்காமலே கேட்கிற பாக்கியம் எனக்கு உண்டு.

அவள் பிறந்தது எங்கள் தோட்டத்தின் பணிய லயத்தில், அதாவது கீழ்ப்பக்கத்து லயத்தில். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பிராக்கள், ஒவ்வொரு காம்பிராவிலும் ஒரு குடும்பம். கீழே பீலியில் தண்ணீர். அவள் அப்பா கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர். அவர் கத்தி பட்ட தேயிலைச் செடி அடுத்த வருடம் தளதளவென்று துளிர்க்கும். ஆனால் மனுஷன் வாயைத் திறந்தால் ஒரே பேச்சுத்தான். “பொறந்ததும் தோட்டத்துக் காணியில, பொதைக்கிறதும் தோட்டத்துக் காணியில. நமக்குன்னு தரையில இருக்கிறது நம்ம நெழல் மட்டுந்தான்” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வராது.

ஒரு காலை லயத்து வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொழுந்து லொறிக்கு ஆள் ஓடியது. லொறி கோயில் வரை வந்தது. அதற்குக் கீழே லயத்துப் பாதையில் ஒரு முடக்கு, கொண்டை ஊசி மாதிரி வளைவு. டிரைவர் முன்னே எடுத்தார், பின்னே எடுத்தார், லொறி திரும்பவில்லை. கடைசியில் அவரும் இறங்கி ஓடி வந்து, அப்பாவைக் கம்பளியில் கிடத்தி, நான்கு பேரில் ஒருவராகத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார். லொறியை அடைந்தபோது கம்பளியில் மூச்சு இல்லை. முன்பின் தெரியாத அந்த டிரைவர் லொறிக் கதவில் தலையை வைத்து அழுதார். அவர்தான் இராசையா. இரண்டு வருடம் கழித்து கலாராணியைக் கட்டிக்கொண்டார். காதலுக்கு ஊரில் என்னென்னவோ காரணம் சொல்வார்கள். கலாராணிக்கு அந்த அழுகை போதுமாக இருந்தது.

பிறகு பல வருடங்கள் கழித்து எங்களுக்குக் காணி கிடைத்தது. கோயிலுக்குக் கீழே குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம், அதில் ஒரு வீடு. சாமான் லொறி வருவதற்காகக் கோயிலடிப் பழைய முடக்கை வெட்டி அகலமாக்கியிருந்தார்கள். எங்கள் மூதாதையர் மன்னாரில் கப்பல் இறங்கி நடந்து வந்த நாளிலிருந்து யாருக்கும் கிடைக்காத ஒன்று. எந்தக் காணி யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினார்கள். கலாராணிக்கு விழுந்தது பாதை திரும்புகிற மூலைக் காணி. “மூலைக் காணின்னா கடைக் காணி! அதிஷ்டக்காரி!” என்று பெருமூச்சு விட்டவர்களில் நானும் ஒருத்தி.

கடைதான் அவளுடைய ஒரே ஆசை. சின்ன வயசிலிருந்து மழையிலும் வெயிலிலும் மலையில் நின்றவள். அட்டை கடிக்காத இடத்தில், கூரைக்குக் கீழே, நாற்காலியில் உட்கார்ந்து யாவாரம் பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே மகள் தயானியை வளர்த்தாள். பதுளை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஸலீம் நானாவிடம் போய் எதை எப்படி அடுக்குவது, எலி வராமல் எப்படிப் பார்ப்பது என்றெல்லாம் கேட்டுக்கொண்டாள். அவர் தன் கடையில் ஓரமாகக் கிடந்த கண்ணாடி அலுமாரியைத் தட்டிக் காட்டி, “நீங்க கடையக் கட்டுங்க தங்கச்சி. இத நான் சும்மா தாறேன்” என்றார். அன்று முதல் அந்த அலுமாரி பேச்சுத்தான். வீட்டு வேலை முடியும் முன்பே மூலையில் கடைக்கு அத்திவாரக் கல் இறக்கிப் பதித்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் யசோதினி மிஸ் வந்தார். பதுளை நகரத்துக்கு இருபது வருடத் திட்டம் போடுகிற அலுவலகத்தில் வேலை. பண்டாரவளைப் பிள்ளை. வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சப்பாத்தெல்லாம் சேறாகி, கொழுந்துக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பிராவில் எங்களைக் கூட்டினார். பதுளை இனி மலைப்பக்கம் ஏற முடியாது, ஆற்றுப்பக்கம் போக முடியாது, ஆகவே எங்கள் பக்கமாகத்தான் வளரும் என்று படத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

“இன்னைக்கு இது தோட்டத்தோட ஓரம். இருபது வருசத்துல இது டவுனோட ஓரம். இப்ப உங்க வீடுகளுக்கு நடுவுல இருக்கிறது நடபாதை மட்டுந்தான். ஒவ்வொருத்தரும் முன்பக்கம் கொஞ்சம் உள்ள தள்ளி வேலி போட்டீங்கன்னா இருபதடி ரோட்டு விடலாம். அந்தப் பக்கம் கிராமத்தோட சேத்துறலாம். பின்னுக்கு செய்யணும்னா வீட்ட ஒடைக்கணும்” என்றார்.

மூலைக் காணிக்கு அப்பால் காணி கிடைத்த புவனேந்திரன் எழுந்தார். கூட்டம் என்றால் அவர் எழாமல் இருந்ததில்லை. “மிஸ், கோவிச்சுக்காதீங்க. இங்க யாருகிட்டங்க கார் இருக்கு? நாங்க நடக்கிற சனம். நடக்க இந்தப் பாதை போதுங்க. எத்தனையோ தலைமுறை காத்துக் கெடந்து ஏழு பேர்ச் கெடச்சிருக்கு. அதுலயும் கை வைக்கிறீங்களே!”

எல்லோரும் கை தட்டினோம். நானுந்தான். மிஸ் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் முதன்முதலில் கையில் மண் கிடைத்தவனிடம் ஒரு பிடி மண்ணைத் திருப்பிக் கேட்டால் அவனுக்கு எப்படி இருக்கும்? கூட்டம் அதோடு கலைந்தது. அலுவலகத்தில் படம் முடிவாகும் வரை நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மிஸ் போனார். கலாராணி மட்டும் வாசலில் அவர் சப்பாத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டாள். “பாவம், நல்ல புள்ள. தப்பான எடத்துக்கு வந்திருச்சு” என்றாள்.

சித்திரை கழிந்து மாரியம்மன் திருவிழா வந்தது. எங்கள் தோட்டத்தில் தேர் எல்லா லயத்துக்கும் போகும். தப்புச் சத்தம் கிட்ட வந்தால் அவரவர் காம்பிரா வாசலில் தேங்காயும் பழமும் கற்பூரமுமாகத் தட்டோடு நிற்க வேண்டும். சாமி நம் வாசலில் நின்று, நம் பெயருக்கு அர்ச்சனை வாங்கி, பிறகுதான் அடுத்த வாசலுக்கு நகரும். மழை பெய்தாலும் சரி, வேலைநிறுத்தம் என்றாலும் சரி, அது தப்பியதில்லை. சொந்த வீட்டுக்கு வந்த பிறகு அது முதல் திருவிழா. வாசலுக்கு வாசல் கோலம், வாழை, புதுச்சேலை. பெருமைக்குக் கேட்கவா வேண்டும்?

தேர் கோயில் சந்தியிலிருந்து இறங்கி வந்தது. பின்னால் இராசையா ஓட்டுகிற தோட்டத்து டிராக்டர், அதில் விளக்குக்கான ஜெனரேட்டர். குடியிருப்பின் வாசலில் தேர் நின்றது. நின்றது நின்றதுதான். நடைபாதைக்குள் அதன் சக்கரம் நுழையவில்லை. வேலிக் கம்பி ஒரு பக்கம், மதில் ஒரு பக்கம். இழுத்துப் பார்த்தார்கள், தள்ளிப் பார்த்தார்கள். கடைசியில் பூசாரி, எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

போனோம். தெருவோரத்தில் முட்டி மோதி நின்று அர்ச்சனை செய்தோம். யாருக்கும் முகத்தில் சந்தோஷம் இல்லை. கலாராணி தட்டைக் கீழே வைத்துவிட்டு, தப்பு அடிக்கிறவர்களைக் கையமர்த்தினாள்.

“ஒடைஞ்ச லயத்துல இருந்தப்ப, ஒழுகுற கூரைக்குக் கீழ இருந்தப்ப, இந்த ஆத்தா நம்ம வாசலுக்கு வந்தா. இன்னைக்கு நமக்குன்னு வாசல் இருக்கு. அவளுக்கு வர வழி இல்ல. வழிய மறிச்சது யாரு? தொரையா? அரசாங்கமா? நம்ம வேலிதான்!” என்றாள். “தேர் வரணும். தேருக்கு ரெண்டு பக்கமும் சனம் வரணும். அதுக்கு எத்தன அடி வேணும்னு அந்த மிஸ் அன்னைக்கே சொல்லிட்டுப் போச்சு.”

பூசாரி கற்பூரம் காட்ட மறந்து நின்றார். புவனேந்திரன் தலையைச் சொறிந்தார். வாகனக் கணக்குக்கு மசியாத சனம் வாசலுக்கு வராத தேருக்கு மசிந்தது. அடுத்த நாளே ஆள் பதுளைக்குப் போய் யசோதினி மிஸ்ஸைக் கூட்டி வந்தது.

அதோடு முடிந்திருந்தால் இது ஊர்க்கதை. அது கலாராணியின் கதையானது அதற்குப் பிறகுதான்.

முளையடித்து, கயிறு பிடித்து, வேலிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. மூலைக்கு வந்ததும் மிஸ்ஸின் முகம் மாறிவிட்டது. சுண்ணாம்பால் இரண்டு வளைவுக் கோடு போட்டார். ஒன்று கடை அத்திவாரத்தின் நுனியைத் தொட்டுப் போனது. மற்றது அத்திவாரத்தை முழுசாக விழுங்கிக்கொண்டு வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் போனது.

“அக்கா, மொதல் கோடு தேருக்குப் போதும். ஆள் புடிச்சுத் தள்ளித் திருப்பிக்கலாம். ஒங்க கடையும் நிக்கும்” என்றார் மிஸ். “ரெண்டாவது கோடு பஸ்ஸுக்கு. நான் ஒங்கள வற்புறுத்த மாட்டேன்.”

“பஸ் எப்ப வரும் மிஸ்?”

“பத்து வருசம் ஆகலாம். இருபது ஆகலாம். பொய் சொல்லக் கூடாது, வராமலும் போகலாம்.”

கலாராணி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க. மொதல் கோட்டுல லொறி திரும்புமா?”

இராசையா அதிகம் பேசாத மனுஷர். அந்த மூலையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “திரும்பாது” என்றார். அன்று அவள் அப்பாவைக் கம்பளியில் தூக்கி வந்தவர் அவர்தான்.

அன்று பகல் முழுக்க அவள் அத்திவாரக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். மிஸ்ஸைத் திட்டினாள், மாரியாத்தாளைத் திட்டினாள், சும்மா போன ஆட்டையும் திட்டினாள். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “டீச்சர், தேருக்கு வழி விட்டாப் போதும்னு அந்தப் புள்ளையே சொல்லிருச்சு. நான் கடையக் கட்டினா யாரும் ஒரு வார்த்த கேக்க முடியாது, இல்லையா?” என்று கேட்டாள்.

“முடியாது” என்றேன்.

“அப்ப எதுக்கு எனக்கு அந்த ரெண்டாவது கோடே கண்ணுல நிக்குது?” என்று சொல்லி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சாயந்தரம் புவனேந்திரன் அந்த வழியாக வந்தார். சும்மா போயிருக்கலாம். போனால் அவர் புவனேந்திரன் இல்லையே. “என்னாம்மா, ஊருக்குத்தான் உபதேசம், ஒனக்கு இல்லையா?” என்றார். கலாராணி ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசினாள். குறி தப்பியது அவர் செய்த புண்ணியம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு இல்லாத நாள் என்பதால் ஊர் சாவகாசமாக எழும். நான் பல் துலக்க வெளியே வந்தால், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கலாராணி அத்திவாரக் கல்லை அலவாங்கால் நெம்பிக்கொண்டிருக்கிறாள். இராசையா ஒரு பக்கம், தயானி ஒரு பக்கம். நானும் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடினேன். கொஞ்ச நேரத்தில் பெரிய கல்லின் அடுத்த முனையில் வேறொரு கை வந்து பிடித்தது. புவனேந்திரன். கலாராணி, அதிசயமாக, திட்டவில்லை. மத்தியானத்துக்குள் பாதி ஊர் அங்கே நின்றது. அந்தக் கல்லை எல்லாம் வைத்தே முடக்கில் மண் சரியாமல் ஒரு அணை கட்டினோம். கடை அத்திவாரம் பாதைக்கு அத்திவாரம் ஆனது.

அலுமாரி சொன்னபடி வந்து சேர்ந்தது. ஸலீம் நானா கடை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். “அல்லாஹ் ஒங்களுக்கு வேற வாசலத் தொறப்பான் தங்கச்சி” என்றார். இராசையா முன்னறையின் யன்னலை அகலமாக வெட்டினார். யன்னலுக்குள்ளே அலுமாரி, அலுமாரிக்குப் பின்னால் நாற்காலி. வெற்றிலை, பிஸ்கட், சவர்க்காரம், பிள்ளைகளுக்கு டொபி. அதுதான் கடை. அதைப் பெரிய கடை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அவள் இன்றைக்கும் பாதி நாள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள்.

அடுத்த திருவிழாவில் தேர் எல்லா வாசலுக்கும் வந்தது. அந்த முடக்கில் யாரும் தள்ளாமலே திரும்பியது. ஆனால் மற்ற நாட்களில் இருபதடிப் பாதை வெறுமையாகக் கிடந்தது. கொரோனா வந்தது. எண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலமும் வந்தது. “மிஸ்ஸோட ரோட்டுல கோழி நல்லா மேயுது” என்று புவனேந்திரன் கேலி செய்தார். கலாராணி யன்னலுக்குள் இருந்து பதில் கொடுப்பாள். பதிலை இங்கே எழுத முடியாது.

பிறகு ஒரு மழை நாளில் புவனேந்திரனின் அம்மா குசினியில், அடுப்புக்கு முன்னால் விழுந்துவிட்டாள். கை கால் இழுத்துக்கொண்டது. அம்புலன்ஸுக்குப் போன் அடித்தார்கள். அது கோயில் சந்தியில் இறங்கி, முடக்கில் ஒரே வீச்சில் திரும்பி, அவர் வாசலில் வந்து நின்றது. கிழவி பிழைத்து, இப்போதும் என் முன்பள்ளிக்கு முன்னால் உட்கார்ந்து பிள்ளைகளை வம்புக்கு இழுக்கிறாள். அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று புவனேந்திரன் ஒரு வாழைக்குலையைத் தூக்கிக்கொண்டு கலாராணியின் யன்னலுக்கு வந்தார். குலையை வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று கலாராணி அந்தப் பழத்தில் ஒன்றைக்கூட விற்கவில்லை. ஊருக்கே கொடுத்தாள்.

எங்கள் பாதை கிராமத்துப் பாதையோடு சேர்ந்தது, தார் விழுந்தது, வழிவிளக்கு வந்தது. பதுளை உண்மையாகவே எங்களைத் தேடி வந்துகொண்டிருக்கிறது. யசோதினி மிஸ் சொன்ன இருபது வருடத்தில் பாதிகூட ஆகவில்லை, பஸ் வந்துவிட்டது. என் முன்பள்ளிக்கு இப்போது கிராமத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். இதற்கெல்லாம் யாருக்கு நன்றி சொல்வது என்று யாராவது கேட்டால் நான் மிஸ்ஸையும் சொல்வேன், மாரியாத்தாளையும் சொல்வேன். முதலில் சொல்வது கலாராணியை.

போன மாதம் நானும் அவளும் பதுளைக்கு கிளினிக் போய்விட்டு அந்த பஸ்ஸில் திரும்பி வந்தோம். கண்டக்டர் புது ஆள், பதுளை டவுன் பொடியன். எங்களைத் தெரியாது.

“எங்கம்மா எறங்குறீங்க?”

“ஸ்கீம்லங்க” என்றாள் கலாராணி.

“ஸ்கீம்ல எங்க? கோயில் சந்தியா, கலாராணி முடக்கா?”

நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் என் தொடையில் கிள்ளினாள். நன்றாகவே கிள்ளினாள், தடம் இரண்டு நாள் இருந்தது.

“அது யாருப்பா கலாராணி?” என்று கேட்டாள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

“தெரியாதும்மா. எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க” என்று டிக்கட்டைக் கிழித்துக்கொண்டே அவன் சொன்னான். “யாரோ பெரிய காணிக்காரியாம். ரோட்டுக்குக் காணி குடுத்தாங்களாம்.”

கலாராணி சிரிக்கவில்லை. டிக்கட்டை வாங்கிக் கைக்குள் மடக்கிக்கொண்டாள். முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பஸ் கோயில் சந்தியில் இறங்கி, அவள் அப்பாவைக் கம்பளியில் தூக்கிப் போன அதே மேட்டைக் கடந்து, எங்கள் வீடுகளுக்குள் நுழைந்தது.

“கலாராணி முடக்கு! எறங்குங்க, எறங்குங்க!” என்று கண்டக்டர் கத்தினான்.

இறங்கினோம். பஸ் எங்களைச் சுற்றிக்கொண்டு, பின்னுக்கு எடுக்காமல், ஒரே வீச்சில் திரும்பிப் போனது. அவள் அது மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“காணிக்காரியாம் டீச்சர்” என்றாள். “எங்கப்பா மகள காணிக்காரிங்கிறான்.”